கோட்டைக்குள் இரண்டு ஐயர்கள்

பழவேற்காட்டில் கப்பல் கரைக்கு வராது. நானூறு வருஷத்துக்கு முன்னாலும் வரவில்லை. முகத்துவாரத்தில் மணல் மேடு. பெரிய கப்பலெல்லாம் எட்டத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, அலையைத் தாண்டிக் கரை சேர்க்கக் குப்பத்து ஆட்களின் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஆகவே ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்ற டச்சுப் பாதிரியார் 1630களின் தொடக்கத்தில் இந்தக் கரையில் கால் வைத்த அழகை யாரும் எழுதி வைக்காவிட்டாலும் ஊகிக்க முடியும்: கறுப்பு அங்கி, வெள்ளைக் கழுத்துப்பட்டி, மடியில் வேதாகமம், முகமெல்லாம் உப்புத் தண்ணீர், வயிற்றில் குமட்டல். அஞ்ஞான இருளில் கிடக்கும் ஜனங்களுக்கு ஒளி கொண்டுவந்த மனிதரை, அந்த ஜனங்களே அலையிலிருந்து மீட்டுக் கரையில் இறக்கிவிட்டுக் கூலிக்குக் கை நீட்டியிருப்பார்கள்.

இறங்கியதும் கண்ணில் பட்டிருக்கக்கூடியது கெல்ட்ரியா கோட்டை. 1613ல் கட்டியது. கட்டுவித்த வெம்மர் வான் பெர்கெம் தன் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார். வெளிநாட்டில் வீடு கட்டினாலும் வாசலில் சொந்த ஊர்ப் பெயரைப் பொறிக்கிற பழக்கம் நமக்கு மட்டும் உள்ளதென்று நினைத்துக்கொண்டிருந்தோம். கோட்டையை ஒட்டி மீனவர் குடியிருப்பு. இன்றைக்குக் கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் புதரும்தான். குடியிருப்பு மட்டும் கோட்டைக்குப்பம் என்ற பெயரோடு, வலையும் படகுமாக அப்படியே இருக்கிறது. கோட்டை போய்விட்டது, குப்பம் போகவில்லை.

பழவேற்காடு அப்போது சின்ன ஊர் இல்லை. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கோரமண்டல் கரையின் தலைநகரம். சாயத் துணி இங்கிருந்து கிழக்கே போகும், அங்கிருந்து கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கும். மலேசியாவில் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் கட்டும் கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான். இந்து நெசவாளர் நெய்ய, புராட்டஸ்டன்ட் குருவான கால்வினைப் பின்பற்றிய கம்பெனி கப்பலேற்ற, முஸ்லிம்கள் உடுத்தித் தொழுத துணி. மத நல்லிணக்க மாநாடு நடத்துகிறவர்கள் மேடைக்குப் பின்னால் தொங்கவிட இதைவிடப் பொருத்தமான துணி கிடைக்காது.

கம்பெனிக்கும் மதத்துக்கும் இருந்த உறவு எளிமையானது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் உண்டு, மற்ற ஆறு நாளும் கணக்குப் புத்தகம். பாதிரியார் கம்பெனியின் சம்பளக்காரர். குமாஸ்தா, வைத்தியர், பீரங்கிக்காரர், பாதிரியார் எல்லாருக்கும் ஒரே எஜமான். ஆன்மாக்களைக் கரையேற்றுவது நல்லதுதான், துணி கொள்முதல் கெடாத வரைக்கும். விற்கிறவர் விஷ்ணுவைக் கும்பிடுகிறார், தரகர் சிவனைக் கும்பிடுகிறார், படகுக்காரர் அம்மனைக் கும்பிடுகிறார். இவர்களிடம் போய் நீங்கள் எல்லாரும் நரகத்துக்குப் போவீர்கள் என்று உரக்கச் சொன்னால் துணியின் விலை ஏறிவிடும். ஐரோப்பியர் நம் கரையில் காட்டிய சகிப்புத்தன்மையில் பாதிக்குமேல் கொள்முதல் விலை சம்பந்தப்பட்டது என்பது என் தாழ்மையான கருத்து.

ரோஜேரியுஸ் கொஞ்சம் வேறு மாதிரி ஆள். லைடன் நகரத்தில் இந்தியாவுக்குப் பாதிரியார் தயாரிக்கவென்றே கம்பெனி ஒரு செமினரி நடத்தியது, அவர் படித்தது அங்கேதான். 1622ல் திறந்து பத்தே வருஷத்தில் மூடிவிட்டார்கள். நடத்தியவர் அந்தோனியுஸ் வலேயுஸ் என்ற பேராசிரியர். சாதாரண ஆள் இல்லை. 1619ல் ஹாலந்தின் பெரிய அரசியல்வாதி ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை வெட்டுவதற்கு முந்தின இரவு, அவருக்கு ஆறுதல் சொல்ல அனுப்பப்பட்டவர். அந்தக் கிழவருக்கு வயது 71. தலை போனதற்கு அரசியல் காரணம் ஆயிரம் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் திரி கொளுத்தியது ஒரு வேதாந்தச் சண்டை. கடவுளின் கிருபையை மனுஷன் வேண்டாமென்று தள்ள முடியுமா, முடியாதா?

முடியும் என்றது அர்மினியுஸ் கட்சி. முடியாது, கடவுள் பிடித்தால் பிடித்ததுதான் என்றது கால்வின் கட்சி. டோர்ட் நகரத்தில் 1618, 1619ல் மாதக்கணக்கில் சபை கூடி, கால்வின் கட்சியே சரியென்று தீர்ப்புச் சொன்னார்கள். தோற்றவர்களின் வேலை போயிற்று, சிலருக்கு ஊர் போயிற்று.

தமிழ்நாட்டு வைஷ்ணவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். வடகலைக்காரர் சொல்வது குரங்குக் குட்டி நியாயம். தாய்க் குரங்கு தாவும்போது குட்டிதான் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெருமாளை ஜீவன் பற்றிக்கொள்வது அந்த மாதிரி. தென்கலைக்காரர் சொல்வது பூனைக் குட்டி நியாயம். குட்டி சும்மா கிடக்கும், தாய்ப்பூனை பிடரியைக் கவ்விக்கொண்டு போய்விடும். குட்டிக்கு இதில் ஒரு பாத்திரமும் இல்லை. டோர்ட்டில் கூடிய அத்தனை பாதிரிமாரும் மாதக்கணக்கில் விவாதித்தது குரங்கா பூனையா என்பதைத்தான். பூனை ஜெயித்தது. கால்வினியர்கள் தங்களுக்கே தெரியாமல் தென்கலை நாமம் போட்டுக்கொண்டவர்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பண்டிதர்களும் எழுதியிருக்கிறார்கள். நாமம் போட்டுவிட்டது மட்டும் நான்.

காஞ்சிபுரத்துக் கோயில் யானையின் நெற்றியில் எந்தக் கலை நாமம் என்ற சண்டை கோர்ட் வரைக்கும் போனதாக ஊரே சொல்லிச் சிரிக்கும். சிரிக்கலாம். ஆனால் யானையின் தலை கடைசிவரை கழுத்தில்தான் இருந்தது. இந்த விஷயத்தில் காஞ்சிபுரம் ஹாலந்தைவிட நாகரிகமான ஊர்.

இப்படிப்பட்ட நாட்டிலிருந்து, இப்படிப்பட்ட குருவிடம் படித்து, பூனைக் கட்சியில் உறுதியாக நின்ற ஒரு மனிதர் பழவேற்காட்டுக்கு வருகிறார். வந்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? மேடை போட்டு முழங்கியிருக்க வேண்டும். அவர் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, “நீங்கள் என்ன நம்புகிறீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்” என்று கேட்டார். பத்து வருஷம் கேட்டார்.

கேட்டது யாரை என்றால், பத்மநாபர் என்ற பிராமணரை. ஏதோ சங்கடத்தில் டச்சுக்காரர் நிழலுக்கு ஒதுங்கி வந்தவர். தாமர்சா என்று இன்னொரு பிராமணரின் பெயரும் ரோஜேரியுஸின் புத்தகத்தில் வருகிறது. ஆனாலும் கதாநாயகர் பத்மநாபர்தான். ஊர்ப்பக்கம் கிறிஸ்தவர்கள் பாதிரியாரையும் ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆகக் கோட்டைக்குள் இரண்டு ஐயர்கள், எதிரும் புதிருமாக. ஒருவருக்குச் சமஸ்கிருதம் தெரியும், டச்சு தெரியாது. மற்றவருக்கு டச்சு தெரியும், சமஸ்கிருதம் தெரியாது. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த ஒரே பாஷை போர்த்துகீசியம்.

இது எவ்வளவு பெரிய கூத்து என்று புரிய வேண்டுமானால், போர்த்துகீசியர் அந்தக் கரையில் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். டச்சுக்காரருக்கு ஜென்ம விரோதி. பழவேற்காட்டில் டச்சுக்காரர் முதலில் வைத்த பண்டகசாலையைச் சாந்தோமிலிருந்து வந்து 1612ல் அடித்து நொறுக்கியவர்கள். அதனால்தான் கோட்டையே கட்ட வேண்டி வந்தது. அவர்களுடைய கத்தோலிக்கமோ கால்வினியருக்குச் சிலை வணக்கம், அதாவது ஏறக்குறைய அஞ்ஞானம். அப்படிப்பட்ட எதிரியின் பாஷையில்தான் நம் பாதிரியார் கோட்டைச் சனங்களுக்குப் பிரசங்கமும் செய்தார், பத்மநாபரிடம் பாடமும் கேட்டார். சிப்பாய்களின் வீட்டுப் பெண்களுக்கு டச்சு எங்கே தெரியும்? கரை முழுக்கப் பேச்சு போர்த்துகீசியம்தான். இந்து மதம் ஐரோப்பாவுக்குப் போர்த்துகீசிய வண்டியில் ஏறி, டச்சு ஸ்டேஷனில் இறங்கிய கதை இது.

அந்தப் பேச்சு எப்படி நடந்திருக்கும்? நான் கூட இல்லை, ஆகவே தைரியமாக எழுதலாம்.

“ஐயா, உங்களில் எத்தனை பிரிவு?”

“ஆறு என்று வைத்துக்கொள்ளுமே.”

“அடேயப்பா!”

“உம்மிடத்தில் எத்தனை?”

பாதிரியார் டோர்ட் சபையை நினைத்துக்கொள்கிறார். “விடுங்கள். அந்த ஆறைச் சொல்லுங்கள்.”

ஆறு என்பது என் கற்பனை இல்லை, புத்தகத்தில் உள்ளது. ரோஜேரியுஸ் தன் காதில் விழுந்தபடி எழுதி வைத்த எழுத்துக்கூட்டலைப் படித்தால் வெய்ஸ்த்னௌவா, செய்வியா, ஸ்மார்த்தா, ஷார்வாக்கா, பாசண்டா, ஷக்தேயா என்கிற மாதிரி வரும். வைஷ்ணவரிலேயே ராமானுஜர் வழி வேறு, மத்வர் வழி வேறு என்றும் பிரித்து எழுதியிருக்கிறார். நெற்றியில் யார் என்ன குறி இடுகிறார்கள் என்பதையும் விடவில்லை. சார்வாகர் என்றால் மறு உலகத்தை நம்பாதவர், கண்ணுக்குத் தெரிகிற சுகமே சுகம் என்பவர். இந்த விளக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோது பாதிரியார் ஜன்னல் வழியே கம்பெனி வியாபாரிகளை ஒரு பார்வை பார்த்திருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்கிற அந்தக் கூட்டத்தை ஆறில் எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவருக்குத் தெரியாதா என்ன?

பத்து அவதாரமும் கேட்டு எழுதினார். முதல் அவதாரம் மீன். மீனவக் குப்பத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, கடவுள் மீனாக வந்த கதையை ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்கிறார். கேட்கிறவரின் புத்தகத்தில் யோனாவை விழுங்கிய மீன் இருக்கிறது, முதல் சீஷர்கள் வலையை உதறிவிட்டு வந்த மீனவர்களாக இருக்கிறார்கள், ஆதிக் கிறிஸ்தவர்கள் ரகசிய அடையாளமாக வரைந்ததும் மீன்தான். நாலு தெரு தள்ளி இருந்த மரைக்காயர் வீட்டில் கேட்டால், எங்களிடமும் யூனுஸ் நபி உண்டு, மீன் வயிற்றுக்குள் இருந்தார் என்று சொல்லியிருப்பார்கள். மூன்று வேதத்திலும் மீன். பிடிக்கிறவன் மட்டும் ஒரே ஆள்.

பத்மநாபர் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. பர்த்ருஹரியின் சுபாஷிதங்களைப் போர்த்துகீசியத்தில் சொல்லச் சொல்ல, ரோஜேரியுஸ் டச்சில் எழுதிக்கொண்டார். சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறியது அதுதான் முதல் தடவை. சார்லஸ் வில்கின்ஸ் பகவத் கீதையை இங்கிலீஷில் போட்டது 1785ல். பழவேற்காடு அதற்கு 134 வருஷம் முந்திக்கொண்டது. பிற்பாடு ஜெர்மானியக் கவிஞர் ஹெர்டர் இதிலிருந்து எடுத்துத் தன் பாணியில் எழுதினார். லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் கொடுக்கிற மாலையில் ரெண்டு பூவைப் பிய்த்து நம் பழவேற்காட்டு ஏரிக்கரைப் பக்கமும் போடலாம்.

பர்த்ருஹரி பாடியது மூன்று சதகம். நீதி நூறு, வைராக்கியம் நூறு, சிருங்காரம் நூறு. ரோஜேரியுஸ் புத்தகத்தில் இருப்பதோ இரண்டு சதகம்தான். காதலைப் பற்றிய நூறு காணவில்லை. அதை விளக்கப் பத்மநாபர் முன்வரவில்லை என்கிறார்கள். பாவம், யோசித்துப் பாருங்கள். எதிரே ஒரு கால்வின் பாதிரி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு, “அடுத்த பாட்டு?” என்று கேட்கிறார். அடுத்த பாட்டில் ஒரு பெண்ணின் இடுப்பு வருகிறது. அதைப் போர்த்துகீசியத்தில் சொல்ல வேண்டும். எந்தப் பிராமணருக்கும் வாய் வராது. சமயங்களுக்கிடையேயான உரையாடலில் உலகத்தின் முதல் சென்சார் என்று இதைச் சொல்லலாமா தெரியவில்லை. பாதிரியார் வேதாகமத்தைத் திறந்து உன்னதப்பாட்டைக் காட்டியிருந்தால் நிலைமை மாறியிருக்கலாம். இரண்டு பக்கமும் வெட்கப்பட்டுவிட்டு, மூன்றாவது நூறையும் முடித்திருப்பார்கள்.

இந்த இடத்தில் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற ஆள்தான். இயேசுவை நம்புகிறேன். அதில் வழவழா கொழகொழா இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் சிலருக்கு ஒரு பயம் உண்டு. அடுத்தவர் சாமியைப் பற்றி இரண்டு வார்த்தை காதுகொடுத்துக் கேட்டால் நம் விசுவாசம் ஒழுகிப்போய்விடும் என்று. பொங்கலுக்குப் பக்கத்து வீட்டில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிடலாமா என்று விவாதிப்பார்கள். விவாதம் முடிவதற்குள் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துவிடும். ரோஜேரியுஸுக்கு இந்தப் பயமே இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. பத்து வருஷம் வேதமும் அவதாரமும் கேட்டுவிட்டு, கால்வினியராக வந்தவர் கால்வினியராகவே கப்பலேறினார். ஒரு துளிகூட ஒழுகவில்லை. பூனை கவ்விய குட்டிக்கு விழுந்துவிடுவோமோ என்ற கவலை எதற்கு?

அதற்காக அவரை இக்காலத்துச் சர்வமத மேடையில் தூக்கி உட்கார வைக்க வேண்டாம். புத்தகத்தின் பெயரே ‘மறைந்திருக்கும் அஞ்ஞானத்துக்குத் திறந்த வாசல்’ என்கிற பொருளில்தான் இருக்கிறது. நம்மை அஞ்ஞானிகள் என்றுதான் எழுதினார், அதில் மரியாதை குறைவு என்று அவருக்குத் தோன்றவுமில்லை. ஆனால் இந்த ஜனங்கள் கடவுளைப் பற்றி ஒன்றுமே தெரியாத மிருகங்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம் என்று தன் நாட்டாருக்குச் சொன்னார். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதினார். தப்பு என்று பட்ட இடத்திலும் பெரும்பாலும் முதலில் அவர்கள் வாதத்தை முழுசாக எழுதி முடித்தார். எல்லாவற்றுக்கும் மேலே, சொன்னவர் பெயரைப் போட்டார். அந்தக் காலத்து ஐரோப்பியப் புத்தகங்களில் ‘ஒரு சுதேசி கூறினான்’ என்று வரும். இவரிடத்தில் ‘பத்மநாபர் கூறினார்’ என்று வருகிறது. அடுத்த மதத்துக்குக் காட்டுகிற மரியாதையில் முக்கால்வாசி இதுதான் என்பேன். ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை, சரியாகக் கேட்டு யார் சொன்னது என்று எழுதினால் போதும்.

1640களில் பழவேற்காட்டை விட்டு பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) போய்ச் சில வருஷம் இருந்துவிட்டு, 1647ல் ஹாலந்து திரும்பினார். 1649ல் கௌடா நகரத்தில் இறந்தார். புத்தகம் அச்சாகவில்லை. மனைவிதான் கையெழுத்துப் பிரதியைப் பத்திரமாக வைத்திருந்து 1651ல் லைடனில் அச்சேற்றினார். புருஷன் வெயிலில் உட்கார்ந்து ஊர்க்கதை எழுதிய காகிதக் கட்டைத் தூக்கி எறியாத அந்த அம்மாவுக்கு இந்தியவியல் துறையினர் ஒரு சிலை வைக்கலாம். சிலை என்றால் அவர் கால்வினியர், ஒப்புக்கொள்ள மாட்டார். அது வேறு விஷயம்.

பதிப்பாளர்கள் அன்றும் பதிப்பாளர்களாகவே இருந்தார்கள். உள்ளே நிதானமான விவரம், வெளியே முகப்புச் சித்திரத்தில் உடன்கட்டை ஏறும் பெண், முதுகில் கொக்கி மாட்டிச் சுற்றும் செடில். விற்பனை வேண்டாமா? போதாததற்கு ஒரு பண்டிதரைப் பிடித்து அடிக்குறிப்பு எழுத வைத்தார்கள். அவர் பழவேற்காட்டை வரைபடத்தில் பார்த்திருந்தாலே அதிகம். கிரேக்கரும் இப்படித்தான், ரோமரும் இப்படித்தான், எகிப்தியரும் இப்படித்தான் என்று எழுதித் தள்ளிவிட்டார். சில பக்கங்களில் பத்மநாபர் மேலே இரண்டு வரியில் நிற்பார், கீழே அடிக்குறிப்பு ஏரியாகத் தேங்கியிருக்கும். ஊருக்கே போகாமல் ஊரைப் பற்றிக் குறிப்பு எழுதுகிற கலைக்கு அப்போதே இப்படி ஒரு ஆதரவு. எப்படியோ புத்தகம் ஓடியது. 1663ல் ஜெர்மன், 1670ல் பிரெஞ்சு.

ரோஜேரியுஸின் அதிர்ஷ்டம் எவ்வளவு பெரியது என்பது தரங்கம்பாடிக்குப் போனால் தெரியும். 1706ல் அங்கே வந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழையே படித்தார், ஓலைச்சுவடி சேர்த்தார், தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளி என்று ஒரு பெரிய நூலே எழுதி 1713ல் ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்துப் பெரியவர் பிராங்கே, உங்களை அனுப்பியது அஞ்ஞானத்தை அங்கே ஒழிக்கத்தான், இங்கே பரப்ப அல்ல என்கிற தோரணையில் பதில் கொடுத்து ஓரங்கட்டிவிட்டார். நூல் அச்சேறியது 1867ல், அதுவும் மதராஸில். சீகன்பால்கு செய்த தப்பு உயிரோடு இருந்தபோதே அனுப்பியதுதான். செத்த பிறகு மனைவி மூலமாக வெளியிட்டிருந்தால் எந்த மேலதிகாரியும் விளக்கம் கேட்டிருக்க முடியாது.

சிரிப்பை நிறுத்தவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இரண்டு ஐயர்களும் மோட்சத்தைப் பற்றிப் பேசிய காலத்தில், அதே துறையிலிருந்து கம்பெனி மனுஷர்களை அடிமைகளாகக் கப்பலேற்றிப் பத்தாவியாவுக்கு அனுப்பியது. பஞ்ச காலங்களில் வியாபாரம் கொழித்தது. வாங்கியவர்கள் கிறிஸ்தவர்கள், பிடித்துக் கொடுத்த தரகர்களில் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். விற்கப்பட்டவர்களுக்கு இரண்டு மதமும் உதவவில்லை. ரோஜேரியுஸின் புத்தகத்துக்குப் பொருள் அதுவல்ல என்று சொல்லிவிடலாம், நியாயம்தான். இருந்தாலும் நெற்றிக்குறியின் கோணம்வரை பார்த்த கண் அது.

இன்னொரு குறையும் உண்டு. புத்தகத்தின் நீண்ட தலைப்பு கோரமண்டல் கரைப் பிராமணர்களின் வாழ்க்கை, பழக்கவழக்கம், மதம், வழிபாடு என்று ஒப்புக்கொண்டுதான் ஆரம்பிக்கிறது. வாசல் திறந்தது சரி, திறந்தது அக்கிரகாரத்தின் பக்கம். சாஸ்திரம் தெரிந்தவரிடம் கேட்பதுதான் முறை என்று அவர் நினைத்திருப்பார். படித்த ஆள் படித்த ஆளைத்தான் தேடுவான். விளைவு, ஐரோப்பா நம் மதம் என்று முதலில் நம்பியதில் பெரும்பகுதி ஒரு போர்த்துகீசியம் பேசும் பிராமணர் சரியென்று சொன்னது. அந்தப் பழக்கம் அப்புறம் வந்த துரைமார்களுக்கும் தொற்றி, இருநூறு வருஷத்துக்குமேல் போகவில்லை.

கோட்டைச் சுவருக்கு வெளியே கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? அங்கே யாரும் ஆறு பிரிவைச் சொல்லியிருக்க மாட்டார்கள். மகிமை மாதா கோயிலின் வரலாறு 1515லிருந்து தொடங்குகிறது என்கிறார்கள். அராபியாவிலிருந்து படகேறி வந்த முன்னோர் கதையை முஸ்லிம் குடும்பங்கள் சொல்கின்றன. ஆதிநாராயணப் பெருமாளும் பக்கத்திலேயே இருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் குப்பத்துக்காரருக்கு அம்மன். இப்போதும் ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை கட்டுவது என்பதற்குப் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. கோட்டைக்குப்பம் அந்த முறைக்காரக் குப்பங்களில் ஒன்று. முறை மாறினால் சண்டை வரும், பஞ்சாயத்துக் கூடும். முகத்துவாரம் மணலில் அடைபட்டால் இறாலும் மடவையும் வராது, அப்போது மாதா கோயில்காரர் வலையும் அம்மன் கோயில்காரர் வலையும் ஒரே மாதிரி காலி. வேதாந்தம் இங்கே கொஞ்சம் நடைமுறைக் கட்சி.

ரோஜேரியுஸ் ஒரு சாயங்காலம், பத்மநாபர் வராத நாளாகப் பார்த்து, குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கரைப்பக்கம் நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன். வலையை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்திருப்பார்.

“என்னா ஐயரே, மீனு வேணுமா?”

“இல்லை பெரியவரே. உங்கள் சாமியைப் பற்றிக் கேட்க வந்தேன்.”

“அதைத்தான் உள்ள அந்த ஐயர் சொல்றாராமே. எங்கிட்ட என்னா இருக்குது? ஆடி மாசம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்துவோம், சாவல் அறுப்போம். கடலு சும்மா இருந்துச்சின்னா அவ புண்ணியம். பெரிய காத்து வந்தா மாதா கோயில் பக்கமும் ஒரு கும்புடு. உங்க சாமிக்கு என்னா பண்றீங்க?”

“எங்கள் கடவுளுக்குச் சிலை இல்லை. பலி இல்லை. படையல் இல்லை. கூடி உட்கார்ந்து வசனம் கேட்போம்.”

“சாவல்?”

“இல்லை.”

“கெடா?”

“இல்லை பெரியவரே.”

கிழவர் வலையைக் கீழே போட்டுவிட்டு ரொம்ப நேரம் யோசித்திருப்பார்.

“சரி, சாமிக்குத்தான் வாணாம். பண்டிக அன்னிக்கு நீங்க என்னா துன்னுவீங்கோ?”